நாற்காலி யோகா: பலன் தெரிகிறதா?

முழங்கால் வலியால் தரையில் உட்கார முடியாதவர்களுக்கு நாற்காலி யோகா நல்ல துணை. முதலில் நாற்காலியைப் பாருங்கள். சக்கரம் வைத்ததும் வேண்டாம், கால் வளையும் பிளாஸ்டிக் சேரும் வேண்டாம். கை இல்லாத மரநாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பாதம் தரையில் முழுதாகப் பதியாவிட்டால் கீழே ஒரு மணை போதும்.

சற்று முன்னால் நகர்ந்து நிமிர்ந்து உட்காருங்கள். மூச்சை இழுத்தபடி கைகளை உயர்த்தி, விட்டபடி இறக்குங்கள், 5 முறை. பிறகு உடம்பை வலமும் இடமும் மெல்லத் திருப்புங்கள். இங்கேதான் பலர் நாற்காலியின் முதுகைப் பிடித்து இழுத்துத் திரும்பி, இடுப்பில் பிடிப்பு வாங்கிக்கொள்கிறார்கள். கைகள் தொடைமேல் இருக்கட்டும்; தானாகத் திரும்பும் அளவே சரி. எலும்பு பலவீனமானவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும்.

பலனை அளக்க ஒரு வழி: சுமார் 17 அங்குல உயர நாற்காலியில், கைகளை மார்பில் குறுக்காக வைத்து, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்காருகிறீர்கள் என்று எண்ணுங்கள். துணைக்கு ஒருவர் அருகில் நிற்கட்டும். 65 முதல் 69 வயதில் ஆண்களுக்கு 12க்கும், பெண்களுக்கு 11க்கும் கீழே போனால் கால் பலம் சராசரியைவிடக் குறைவு. விழும் அபாயமும் உண்டு. எண்ணிக்கையை மாதக் காலண்டரில் எழுதி, அடுத்த மாதம் அதே நாற்காலியில் மறுபடி பாருங்கள்.