துணை மரம் இல்லாத சந்தனம் தழைக்காது

திருவண்ணாமலை வட்டாரத்தில் சந்தனக் கன்று நடும் ஆர்வம் விவசாயிகளிடையே பெருகி வருகிறது. ஜவ்வாது மலையில் தானாகவே வளரும் மரம், அடிவாரத்துச் செம்மண் நிலத்திலும் நன்கு வளரும். 2002-ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து பட்டா நிலத்துச் சந்தன மரம் நில உரிமையாளருக்கே சொந்தம். ஆனால், நட்ட கன்று ஓரிரு ஆண்டில் இலை வெளுத்து, நுனி கருகி நின்றுவிடுவதும் உண்டு. உரம் போதவில்லை என்று கருதி மேலும் மேலும் உரமிடுவோர் இருக்கிறார்கள். இது வீண் செலவு. குறை பெரும்பாலும் வேரில்தான் இருக்கிறது.

மா மரக் கிளையில் புல்லுருவி படர்வதைப் பார்த்திருப்பீர்கள். சந்தனம் அதற்குத் தாவர முறைப்படி உறவு. புல்லுருவி கிளையில் செய்வதைச் சந்தனம் மண்ணுக்கடியில் செய்கிறது. அதன் வேர் அருகிலுள்ள வேறு செடியின் வேரைத் தொட்டவுடன், தொட்ட இடத்தில் சிறு குமிழ் போன்ற உறிஞ்சு உறுப்பு உண்டாகிறது. அதன் செல்கள் அடுத்த வேரின் பட்டையைத் துளைத்து உட்புகுந்து, அங்குள்ள நீர்க்குழாய்களுடன் இணைந்துவிடுகின்றன. அது முதல் நீரும் தாது உப்புகளும் தழைச்சத்தும் சந்தனத்துக்கு வந்து சேருகின்றன. இலை பச்சையாக இருப்பதால் மாவுச்சத்தைப் பெரும்பாலும் அதுவே தயாரித்துக் கொள்ளும். ஆகவே இதை அரை ஒட்டுண்ணி என்கிறோம்.

இந்த உண்மையை முதலில் 1871-இல் ஜான் ஸ்காட் என்பவர் எடுத்துக் கூறினார். பின்னர் சென்னை மாகாண அரசின் தாவரவியலாளராக இருந்த பார்பர், வேர்களைத் தோண்டியெடுத்து, மெல்லிய சீவல்களாக்கி, நுண்ணோக்கியில் ஆராய்ந்து, இந்த உறிஞ்சு உறுப்பின் அமைப்பை 1906-ஐ ஒட்டிய ஆண்டுகளில் விரிவாக வெளியிட்டார். கோவையில் கரும்பு இன ஆராய்ச்சிக்கு வித்திட்ட அதே பார்பர்தான் இவர். காட்டில் பலவகை மரங்களும் புதர்களும் நெருங்கி நிற்கின்றன. சந்தன வேர் எந்தப் பக்கம் ஓடினாலும் ஒரு துணை கிடைக்கிறது. களையெடுத்துச் சுத்தமாக வைத்த நம் நிலத்தில் அது கிடைப்பதில்லை.

எனவே கன்று வாங்கும்போதே பாருங்கள். பாலிதீன் பையில் சந்தனத்துடன் துவரையோ பொன்னாங்கண்ணியோ சேர்ந்து வளர்ந்திருக்க வேண்டும். அதைக் களை என்று பிடுங்கி எறிந்து விடாதீர்கள்! நிழல் கட்டினால் நுனியை மட்டும் கிள்ளி விடலாம். நடும் குழியின் ஓரத்திலும் துவரை விதையுங்கள். ஆனால் துவரை ஓரிரு ஆண்டில் முடிந்துவிடும். நீண்ட காலத் துணையாகச் சவுக்கு, புங்கம், அகத்தி போன்றவற்றைச் சந்தன வரிசைகளுக்கு இடையில் அதே பருவத்தில் நட்டுவிட வேண்டும். இவை காற்றிலுள்ள தழைச்சத்தை வேர் முடிச்சில் சேர்ப்பவை. அதில் ஒரு பங்கு சந்தனத்துக்குப் போகும். துணை மரம் சந்தனத்தை மூடி வளர்ந்தால் கிளைகளைக் கழித்து ஆட்டுக்குப் போடலாம். வேரோடு வெட்டக் கூடாது. கோடையில் துணை மரம் வாடினால் சந்தனமும் வாடும். ஆகவே தண்ணீர் இரண்டுக்கும் சேர்த்தே விடுங்கள். தண்ணீர் தேங்கும் வயல் இதற்கு ஆகாது. சரளை கலந்த மேட்டு நிலமே ஏற்றது. ஆடு, மாடு கடிக்காமல் வேலி அவசியம்.

வருமானத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏக்கருக்குக் கோடி ரூபாய் என்று வரும் விளம்பரங்களை நம்பிக் கடன் வாங்காதீர்கள். மணமும் எண்ணெயும் இருப்பது உள்ளே வைரம் பாய்ந்த கட்டையிலும் வேரிலும் மட்டுமே. வெளிப்புற வெள்ளைக் கட்டைக்கு மணம் இல்லை. அந்த வைரம் என்பது உயிரிழந்த செல்களில் எண்ணெய் படிந்து உண்டாவது. கன்று நட்டுப் பல ஆண்டுகள் கழித்தே அது தொடங்கும்; மரத்துக்கு மரம் வேறுபடும். பருமனான மரம் எல்லாம் வைரமுள்ள மரம் அல்ல. அதுவரை வீட்டுச் செலவுக்கு வரிசையிடையே துவரை, உளுந்து போன்றவற்றை ஊடுபயிராக எடுக்கலாம். மரம் முற்ற முற்றத் திருட்டுப் பயமும் கூடும் என்பதால், வீட்டுக்கு அருகிலுள்ள காணியில் பத்து இருபது மரம் வைப்பதே சிறு விவசாயிக்கு ஏற்றது என்பது என் கருத்து.

நட்டவுடன் மரங்களின் எண்ணிக்கையைக் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அடங்கலில் பதிந்து கொள்ளுங்கள். மரம் உங்களுடையதாக இருந்தாலும், வனத்துறையின் அனுமதியின்றி வெட்டவோ விற்கவோ கூடாது. காய்ந்து விழுந்த மரத்துக்கும் முதலில் வனச்சரக அலுவலகத்தில் தகவல் தெரிவித்த பின்னரே கை வைக்க வேண்டும்.