கியர் இடைவெளியைக் கவனியுங்கள்

கேள்வி: என் 1.6 லிட்டர் காரில் டர்போ கிடையாது. கேம்ஷாஃப்ட் மாற்றியபின் 5,000 முதல் 7,500 ஆர்.பி.எம். வரைதான் நன்றாக இழுக்கிறது. இரண்டாவது கியர் போட்டதும் தொய்ந்துவிடுகிறது. ஃபைனல் டிரைவை மாற்றினால் போதுமா?

பதில்: போதாது. ஃபைனல் டிரைவ் எல்லா கியர்களையும் ஒரே விகிதத்தில் மாற்றும். கியர்களுக்கு இடையிலான இடைவெளி அப்படியேதான் இருக்கும். உங்கள் சிக்கலே அந்த இடைவெளிதான்.

முதல் கியர் 3.25, இரண்டாவது 1.90 என்று வைத்துக்கொள்ளுங்கள். 7,500-இல் மாற்றினால் எஞ்சின் சுமார் 4,385-க்கு இறங்கும் (7,500 × 1.90 ÷ 3.25). அந்த வேகத்தில் உங்கள் கேமுக்கு வலு இல்லை. ஹோண்டாவின் பி16ஏ எஞ்சினோடு வந்த ஒரு கியர்பாக்ஸின் விகிதங்கள்: 3.230, 2.105, 1.458, 1.107, 0.848. இதில் 7,500-இல் மாற்றினால் சுமார் 4,900, 5,200, 5,700 என்று இறக்கம் படிப்படியாகக் குறையும். வேகம் ஏற ஏறக் காற்றின் எதிர்ப்பும் ஏறுவதால் மேல் கியர்கள் நெருக்கமாக இருப்பது அவசியம்.

முதலில் காரை டைனோவில் (எஞ்சினின் வலுவை அளக்கும் கருவியில்) ஏற்றி வரைபடம் எடுங்கள். அதற்கேற்ற நெருக்கமான கியர் செட்டைத் தேர்ந்தெடுங்கள். ஃபைனல் டிரைவ் கடைசி. 4.1-ஐ 4.4 ஆக்கினால் இழுவை சுமார் 7 சதவீதம் கூடும். நெடுஞ்சாலையில் 3,000-இல் ஓடிய எஞ்சின் 3,220-இல் ஓடும். தினமும் ஓட்டும் கார் என்றால், ஐந்தாவது கியரை மட்டும் சற்று நீளமாக வைத்துக்கொள்ளுங்கள்.