எழுதுகோலும் ஓர் அமானத்தே!
(காரியாலயங்களில் பணிபுரிவோருக்கு ஒரு பாடம்)



திருக்குர்ஆனில் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது? சூரத்துல் பகராவின் 282ஆவது வசனமே மிக நீண்டது. கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றி அது பேசுகிறது. எழுதுகிறவர் நீதத்தோடு எழுத வேண்டும், அல்லாஹ் தமக்குக் கற்றுத் தந்த எழுத்தை மற்றவர்களுக்கு எழுதிக் கொடுக்க மறுக்கலாகாது, தொகை சிறிதாயினும் எழுதச் சலிப்படையலாகாது என்பன அதன் கட்டளைகள். எழுதுகிறவருக்குத் துன்பம் இழைப்பதும் அதில் தடுக்கப்பட்டுள்ளது. எழுத்தர் பணிக்கு மார்க்கம் கொடுத்துள்ள அந்தஸ்து இது!

முன்பு குமாஸ்தா என்று அழைக்கப்பட்டவர் இன்று இளநிலை உதவியாளர், தட்டச்சர், உதவியாளர் என்று அழைக்கப்படுகிறார். நம் பிள்ளைகள் பலர் பத்தாம் வகுப்பைத் தகுதியாகக் கொண்ட குரூப் நான்கு தேர்வை எழுதி இப்பணிகளுக்கு வருகின்றனர். வேறு சிலர் மறைமலை நகர்த் தொழிற்சாலைகளிலும் மாமல்லபுரம் கடற்கரையிலுள்ள விடுதிகளிலும் காரியாலய வேலை பார்க்கின்றனர். இவர்கள் கையாளும் ஒவ்வொரு தாளும் ஒரு மனிதனின் ஹக்கு. அதை உரிய நேரத்தில், உரிய முறையில் உரியவரிடம் சேர்ப்பதே இப்பணியின் அமானத். அதற்கான வழிகளைப் பார்ப்போம்.

1. தபாலைத் தேக்கி வைக்காதீர்

2019 நவம்பர் 29ஆம் தேதி காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து செங்கல்பட்டு தனி மாவட்டமாயிற்று. அதற்கு முன் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் ஆகிய ஊர்களின் மக்கள் கலெக்டர் ஆபீஸ் காரியத்துக்குக் காஞ்சிபுரம் வரை போக வேண்டியிருந்தது. இப்போது தூரம் குறைந்துள்ளது. ஆயினும் மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். மனுவுடன் வரும் மீனவருக்கு அன்றைய கடல் தொழில் இல்லை. கூலித் தொழிலாளிக்கு அன்றைய கூலி இல்லை. “நாளைக்கு வாருங்கள்” என்று நாம் சொல்லும் இரண்டு வார்த்தைகளால் ஒரு குடும்பத்தின் இன்னொரு நாள் வருமானம் போய்விடுகிறது.

மக்களின் காரியங்களுக்குப் பொறுப்பேற்ற ஒருவர், தேவையுடையோருக்கு முகம் காட்டாமல் ஒதுங்கிக் கொண்டால், அவருடைய தேவையின் போது அல்லாஹ்வும் அவ்வாறே ஒதுங்கி விடுவான் என்னும் கருத்தை நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். இந்த ஹதீஸைக் கேட்டதும் முஆவியா (ரலி) அவர்கள் மக்களின் தேவைகளைக் கவனிப்பதற்கென்றே ஒருவரை நியமித்தார்கள். அபூதாவூத், திர்மிதி ஆகிய கிதாபுகளில் இது காணப்படுகிறது. வருபவர் எந்தச் சமயத்தவராயினும் இந்த எச்சரிக்கையை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

சென்னை மாகாணத்தில் வெள்ளையர் காலத்தில் டாட்டன்ஹாம் என்னும் அதிகாரி வகுத்த முறையிலிருந்தே ‘தன் பதிவேடு’ வந்தது. எந்தத் தாள் என்று வந்தது, அதன் மீது என்ன செய்யப்பட்டது, என்று முடிந்தது என்பதை ஒவ்வோர் எழுத்தரும் அதில் பதிய வேண்டும். தாள் கைக்கு வந்த அன்றே பதிந்து விடுங்கள். வந்தவருக்கு ஒப்புகைச் சீட்டும் எண்ணும் கொடுங்கள். ஏதேனும் ஓர் ஆவணம் குறைந்தால், குறைகள் அனைத்தையும் முதல் தடவையிலேயே ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு குறையாகச் சொல்லி அலைக்கழிப்பது அநியாயம். காலையில் இருக்கையில் அமர்ந்ததும் மிகப் பழைய தாள் எதுவென்று பார்த்து, அதை முதலில் எடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன்படி வரும் மனுக்களுக்கு 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

2. பெயரைச் சரியாக எழுதுங்கள்

அப்துல் ரஹ்மான், அப்துர் ரஹ்மான், அப்துல் ரகுமான் என்று ஒரே மனிதரின் பெயர் பள்ளிச் சான்றிதழில் ஒரு விதமாகவும், குடும்ப அட்டையில் ஒரு விதமாகவும், பட்டாவில் வேறொரு விதமாகவும் இருப்பதை நம் வீடுகளில் காணாதவர் யார்? தலைப்பெழுத்து மாறினாலும் பாஸ்போர்ட் எடுக்கும் நாளில் அது தடையாக வந்து நிற்கும். அப்போது பிரமாணப் பத்திரம், அரசிதழ் விளம்பரம் என்று பணமும் காலமும் விரயமாகின்றன. இதன் தொடக்கம் ஓர் எழுத்தரின் அவசரமாகவே இருக்கக்கூடும்.

எனவே, எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டுங்கள். எழுத்தறியாதவராயின், அவர் கைநாட்டு வைப்பதற்கு முன் முழுவதையும் நிதானமாகப் படித்துச் சொல்லுங்கள். மேற்கண்ட வசனத்திலும், கடன் பட்டவருக்குச் சொல்ல இயலாவிட்டால் அவருடைய பொறுப்பாளர் நீதமாகச் சொல்லி எழுதச் செய்ய வேண்டும் என்று பலவீனர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட்டுள்ளது.

3. முத்திரையும் கடவுச்சொல்லும்

முத்திரை இல்லாத கடிதத்தை அரசர்கள் வாசிக்க மாட்டார்கள் என்று கூறப்பட்டபோது, நாயகம் (ஸல்) அவர்கள் வெள்ளியால் ஒரு முத்திரை மோதிரம் செய்து கொண்டார்கள். அவர்களுக்குப் பின் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி), உஸ்மான் (ரலி) ஆகியோரிடம் அது இருந்தது. அரீஸ் கிணற்றில் அது விழுந்துவிட்டபோது மூன்று நாட்கள் தேடினார்கள், கிணற்று நீரை இறைத்தும் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. ஒரு முத்திரைக்காக மூன்று நாட்கள்!

இன்று காரியாலய ரப்பர் ஸ்டாம்பு மேசை மீது திறந்து கிடக்கிறது. கணினியின் கடவுச்சொல் நாலு பேருக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் கடவுச்சொல்லைக் கொண்டு பிறர் செய்யும் காரியம் உங்கள் பெயரிலேயே பதிவாகும். முத்திரையைப் பூட்டி வையுங்கள். கடவுச்சொல்லை நண்பருக்கும் கொடாதீர்கள். கோப்பில் கண்ட ஒருவரின் குடும்ப விஷயத்தை டீக்கடையில் பேசாதீர்கள், அதுவும் அமானத்தே.

முன் தேதியிட்டு எழுதும்படி மேலதிகாரி கூறினால் என்ன செய்வது? பணிவுடன், “ஐயா, எழுத்து மூலம் உத்தரவு தாருங்கள்” என்று கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அத்துடன் நின்றுவிடும். எழுத்தில் தந்தாலும் பொய்த் தேதியை எழுத உங்களுக்கு அனுமதி இல்லை. படைத்தவனுக்கு மாறு செய்வதில் படைப்புகளுக்குக் கீழ்ப்படிதல் இல்லை.

4. “இது உங்களுக்கு, இது எனக்கு”

ஜகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்துக் காட்டினார். நாயகம் (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி, அவர் தம் தாய் தந்தையின் வீட்டில் உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்னும் கருத்துப்படக் கேட்டுக் கண்டித்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள இந்த ஹதீஸ் நம் அனைவருக்கும் உரைகல்லாகும். இந்த இருக்கையில் நான் இல்லாவிட்டால் இது எனக்கு வருமா? வராது எனில், அதற்கு ‘டீச்செலவு’ என்று பெயர் வைத்தாலும் ‘பெருநாள் இனாம்’ என்று பெயர் வைத்தாலும் அது கைக்கூலியே.

தனியார் காரியாலயத்திலும் இதே நிலைதான். விடுதிக்கு மீனும் காய்கறியும் கொண்டு வரும் வியாபாரி கொள்முதல் எழுதுகிறவருக்குக் கமிஷன் தந்தால், முதலாளி அறிந்து சம்மதிக்காத வரை அது கூடாது.

1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டு, லஞ்சம் கொடுப்பதும் நேரடியாகவே குற்றமாக்கப்பட்டது. கொடுப்பவரும் வாங்குபவரும் சபிக்கப்பட்டவர்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை நாம் முன்பே அறிவோம்.

நன்றியோடு நீட்டுபவரிடம் கடுகடுப்பு வேண்டாம். “ஐயா, இதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். மனதார வாழ்த்துங்கள், அது போதும்” என்று சொல்லுங்கள். முன்பு வாங்கியவர் தவ்பா செய்வதோடு உரியவரைத் தேடித் திருப்பித் தர வேண்டும். உரியவரை அறியவே முடியாவிட்டால், நன்மையை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துப் பொறுப்பிலிருந்து நீங்க வேண்டும்.

5. நேரமும் தொழுகையும்

சம்பளம் பேசி நேரத்தை ஒப்புக் கொடுத்தவர் அந்த நேரத்தை வேறு காரியத்துக்குச் செலவிடலாகாது. ஃபர்ளான தொழுகையின் நேரம் இதில் விலக்கு என்று ஃபிக்ஹு கிதாபுகள் கூறுகின்றன. ளுஹரை உணவு இடைவேளையில் தொழுது கொள்ளலாம். குளிர் காலத்தில் மஃக்ரிப் சீக்கிரமே வந்துவிடுவதால், அஸரைக் காரியாலயத்திலேயே தொழ வேண்டி வரும். ஒளூவுக்கும் தொழுகைக்கும் பத்து நிமிடம் போதும். ஜும்ஆவுக்கு முன்கூட்டியே அதிகாரியிடம் அனுமதி பெற்று, தொழுகை முடிந்ததும் இருக்கைக்குத் திரும்பி விடுங்கள். பள்ளிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கடைத்தெருவில் சுற்றுபவர், மற்ற தொழுகையாளிகளின் மீதும் சந்தேகம் விழச் செய்கிறார்.

வீட்டாருக்கு ஒரு சொல்

தாய்மார்களே! சகோதரிகளே! “பக்கத்து வீட்டுக்காரர் அதே வேலையில் இருந்து மாடி கட்டிவிட்டாரே” என்னும் ஒரு பேச்சு, நேர்மையாக இருக்கும் கணவரையோ மகனையோ தடுமாறச் செய்துவிடும். சம்பளத்துக்குள் குடும்பம் நடத்தி, அவருக்குத் துணை நில்லுங்கள். குறைந்த ஹலாலில் பரக்கத் உண்டு. வேலைக்குச் செல்லும் மகளுக்கும் மகனுக்கும் முதல் நாளே இதைச் சொல்லி அனுப்புங்கள்.

நாம் எழுதுவதை இரு மலக்குகள் எழுதிக் கொண்டிருக்கிறார்கள். அந்த ஏடு நாளை நம் வலக் கரத்தில் கொடுக்கப்பட, வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.