பத்திரத்தில் இல்லாத பெயர்கள்

அன்புள்ள தம்பிக்கு,

வீடு பிடித்துவிட்டது, விலையும் படிந்துவிட்டது, வில்லங்கம் போட்டுப் பார்த்ததில் சுத்தமாக இருக்கிறது, பட்டாவும் விற்பவர் பெயரில்தான் என்று எழுதியிருக்கிறாய். முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் போடலாமா என்பது உன் கேள்வி. அந்த மனையின் பேரில் என்னென்ன பத்திரங்கள் பதிவாயின என்பதைத்தான் நீ இதுவரை பார்த்திருக்கிறாய். மனை யாருக்குச் சொந்தம் என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும். முதல் கேள்விக்கு விடை கிடைத்ததும் இரண்டாவதற்கும் கிடைத்துவிட்டதாக நினைப்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் ஆவணத்தைத்தான் பதிவு செய்கிறது, உரிமையை அல்ல. எழுதிக் கொடுப்பவர் அவர்தானா, கையெழுத்தை ஒப்புக்கொள்கிறாரா, முத்திரைத் தீர்வை சரியாகக் கட்டியிருக்கிறதா என்பதைச் சார்பதிவாளர் பார்ப்பார். விற்கிற உரிமை எழுதிக் கொடுப்பவருக்கு உண்டா என்று தீர்ப்புச் சொல்வது சார்பதிவாளர் வேலை இல்லை. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லி, இங்கே நடைமுறையில் இருந்த பதிவு விதி 55-ஏ(1) அந்தச் சட்டத்துக்கு முரணானது என்று தள்ளிவிட்டது. தென் ஆஸ்திரேலியாவில் 1858இல் வந்த முறையில், அரசுப் பதிவேட்டில் பெயர் ஏறினால் அதுவே உரிமை. அதற்கு அரசு பொறுப்பு. நம்மிடம் அந்த உத்தரவாதம் கிடையாது. பட்டா வருவாய்த் துறையின் கணக்கு. அது அனுபவத்துக்குத் துணைச் சான்றாகும். அது மட்டுமே உரிமை ஆகாது.

இந்த இடைவெளி எங்கே கடிக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 1991இல் ஒருவர் தன் சம்பாத்தியத்தில் ஒரு மனை வாங்குகிறார் என்று வைத்துக்கொள். 2003இல் உயில் எழுதாமல் இறந்துபோகிறார். 2006இல் மகன்கள் இருவரும் பாகப் பிரிவினைப் பத்திரம் பதிகிறார்கள், 2010இல் சேர்ந்து விற்கிறார்கள், வாங்கியவர் இப்போது உனக்கு விற்க வருகிறார். வில்லங்கச் சான்றில் 1991 கிரையம், 2006 பாகப் பிரிவினை, 2010 கிரையம் என்று மூன்று பதிவு அழகாக வரிசையாக நிற்கும். 2003இல் நடந்த சாவு அதில் வராது, ஏனென்றால் சாவு ஒரு பத்திரம் இல்லை. ஆனால் சொத்து கைமாறியது அந்த நாளில்தான். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, தாய், மகன்கள், மகள் எல்லாரும் முதல் வகுப்பு வாரிசுகள், ஆளுக்குச் சமபங்கு. அன்று தாயும் மனைவியும் ஒரு மகளும் இருந்தார்கள் என்றால் மகன்கள் இருவருக்கும் சேர்ந்து ஐந்தில் இரண்டு பங்குதான். தனக்கு இல்லாததை யாரும் விற்க முடியாது. ஆகவே, 2010இல் வாங்கியவரிடம் இருப்பதும் ஐந்தில் இரண்டு பங்கே, அவர் கையில் முழுமனைக்குப் பத்திரம் இருந்தாலும். மதத்துக்கு மதம் பங்குக் கணக்கு மாறும், ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கையெழுத்துப் போட வேண்டியவர்களில் போடாமல் விட்டவர் யார்?

நீ மறுத்துக் கேட்பாய் என்று தெரியும். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம் வாங்கிக்கொள்கிற அரசு இதற்குப் பொறுப்பேற்காதா? ஏற்காது. அது பத்திரத்துக்கு விதிக்கிற வரி, காப்பீட்டுக்குக் கட்டுகிற தவணை இல்லை. வங்கி லீகல் பார்த்துத்தானே கடன் தருகிறது என்பாய். வங்கியின் வக்கீல் பார்ப்பது வங்கியின் பாதுகாப்பை; நாளைக்கு வழக்கில் வீடு போனாலும் கடனைக் கட்ட வேண்டியவன் நீதான். பன்னிரண்டு வருஷம் தாண்டிவிட்டதே, இனி மகள் கேட்க முடியுமா என்றால், வருஷம் ஓடியது மட்டும் போதாது. பங்காளி ஒருவர் அனுபவத்தில் இருந்தால் மற்றவர்களுக்காகவும் சேர்த்தே இருப்பதாகச் சட்டம் கொள்கிறது. அவள் உரிமையை வெளிப்படையாக மறுத்து அனுபவித்து வந்ததை நிரூபிக்கிற சுமை உன் தலையில் விழும். நல்லெண்ணத்தோடு வாங்கினேன் என்ற வாதத்துக்குச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 41ஆம் பிரிவில் ஓர் இடம் உண்டு. ஆனால் உண்மையான உரிமையாளரின் சம்மதத்தால் விற்றவர் உரிமையாளராகத் தோன்றியிருக்க வேண்டும். வாங்குகிறவர் நியாயமான அளவு விசாரித்திருக்கவும் வேண்டும். விசாரிக்காதவனுக்கு அந்தக் கதவு திறக்காது.

இப்படி நோண்டினால் யாரும் வீடே வாங்க முடியாது என்பார் தரகர். நோண்டினால்தான் நிம்மதியாக வாங்க முடியும், ஏனென்றால் இந்தக் குறைகளில் பெரும்பாலானவற்றுக்கு மருந்து இருக்கிறது. விட்டுப்போன மகளிடம் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வாங்கித் தரச் சொல்லலாம், அல்லது கிரையத்தில் அவளையும் சேர்ந்து கையெழுத்துப் போடச் சொல்லலாம். மைனரின் தனிச் சொத்தைக் காப்பாளர் நீதிமன்ற அனுமதியில்லாமல் விற்றிருந்தால் அந்தப் பிள்ளை பதினெட்டு முடிந்து மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போடலாம். அந்தக் கெடு தாண்டிவிட்டதா என்று கணக்குப் பார்க்கலாம். பவர் வைத்து விற்கிறார்கள் என்றால் பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, ரத்து செய்தாரா என்று பார்க்க வேண்டும். பவரே கிரையம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011இலேயே சொல்லிவிட்டது.

ஆகவே மூலப் பத்திரத்திலிருந்து தொடங்கு. ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் எதிரே, அன்று உரிமை உள்ளவர்கள் யார் யார், கையெழுத்துப் போட்டவர்கள் யார் யார் என்று இரண்டு பத்தியாக எழுது. இடையில் ஒரு சாவு வந்தால் இறப்புச் சான்றையும் வாரிசுச் சான்றையும் கேள். இதெல்லாம் முன்பணத்துக்கு முன்னால் நடக்க வேண்டும். கொடுத்த பிறகு நீ கேட்பது விண்ணப்பமாகிவிடும், கொடுப்பதற்கு முன் கேட்பதுதான் நிபந்தனை. இரண்டு பத்தியும் ஒத்துப்போனால் வக்கீலிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத் தைரியமாக ஒப்பந்தம் போடு, அதையும் பதிவு செய். ஒத்துப்போகாமல், விற்பவர் வாரிசு விவரம் சொல்லவும் மழுப்பினால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேறு வீடு பார்.

அன்புடன்,
அண்ணன்