தறிக்குழியை மூடாத வீடு

சென்னையை விட்டுக் காஞ்சிபுரத்துக்குக் குடி வந்துவிட்டோம் என்று சொன்னதும், சொந்தபந்தத்தில் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "பட்டு இனிமே சல்லிசா கிடைக்குமா?" கிடைக்காது. அசல் பட்டும் அசல் ஜரிகையும் போட்டு நெய்தால் நெய்கிற தெருவிலும் அதன் விலை அதுதான். ஆனால் எனக்கு இந்த ஊர் கொடுத்தவை வேறு. ஒரு பழைய நெசவு வீடு, ஒரு பூனை, நாற்பதைக் கடந்த பிறகு கைக்கு வந்த ஒரு பென்சில். மூன்றிலும் கற்றுக்கொண்டதை எழுதி வைக்கிறேன். இந்தப் பக்கம் வீடு தேடுகிறவர்களுக்கு உதவும்.

வீட்டுக்காரருக்கு ஒரகடத்தில் வேலை. வாலாஜாபாத் வழியாகக் கம்பெனி பஸ் வருகிறது. நான் வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறவள். அதனால் ஊர் மாறுவது எளிதாக இருந்தது, வீடு தேடுவதுதான் நாள் பிடித்தது.

காஞ்சிபுரத்தில் வீடு பார்க்கப் போனால் அறை எத்தனை, கிணறு உண்டா என்பதற்கெல்லாம் முன்னால் "மனை யாருது?" என்று கேட்டுவிட வேண்டும். கோயில் ஊர் இது. பல தெருக்களில் கட்டடம் குடியிருப்பவருடையது, அடிமனை கோயிலுடையது. தலைமுறை தலைமுறையாக மனை வாடகை கட்டிக்கொண்டு இருப்பார்கள், வீட்டை 'சொந்த வீடு' என்றே சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்கள் கணக்கில் அது சொந்த வீடுதான். ஆனால் 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி ஆணையர் அனுமதி இல்லாமல் கோயில் மனையை விற்கவோ நீண்ட காலக் குத்தகைக்கு விடவோ முடியாது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவைக் காட்டிச் சார்பதிவாளரும் பத்திரத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். வில்லங்கச் சான்று மட்டும் போதாது. நகர நில அளவைப் பதிவேட்டின் நகலையும் வாங்கி, அதில் உரிமையாளர் இடத்தில் சாமி பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் பாருங்கள்.

இன்னொன்றைத் தரகர்கள் சொல்வதே இல்லை. கைலாசநாதர், வைகுண்டப் பெருமாள் மட்டுமல்ல, வீடுகளுக்கு நடுவே சத்தமில்லாமல் நிற்கும் முக்தீஸ்வரர், மதங்கேஸ்வரர் போன்ற சின்னப் பல்லவக் கோயில்களும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. 2010ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி அவற்றின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கூடாது. அதற்கு அடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். பழைய வீட்டைப் பழுது பார்ப்பதற்கும் முறைப்படி விண்ணப்பிக்க வேண்டும். மாடி எடுக்கும் எண்ணத்தோடு வாங்குகிறவர்கள் கோயிலிலிருந்து எத்தனை மீட்டர் என்று அளந்துவிட்டு விலை பேசுவது நல்லது. எனக்கு இந்தச் சட்டத்தின்மேல் மரியாதைதான். அது இல்லையென்றால் அந்தச் சின்னக் கோயில்களைச் சுற்றி இன்று சுவர்தான் தெரியும்.

நாங்கள் வாங்கியது பிள்ளையார்பாளையத்தில். முகப்பு குறுகல், உள்ளே நீளம். நுழைந்ததும் நீண்ட கூடம், அதன் ஓரத்தில் பலகை போட்டு மூடிய தறிக்குழி. முன்பு இருந்தவர்களின் பிள்ளைகள் யாரும் நெசவுக்கு வரவில்லை. தறியைப் பிரித்து எடுத்துப் போய்விட்டார்கள், குழி மட்டும் அப்படியே கிடந்தது.

குழித்தறியில் நெய்கிறவர் தரையில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதிகட்டையை மிதிப்பார். மண்ணின் ஈரம் கீழிருந்து ஏறிக்கொண்டே இருப்பதால் பட்டு இழை காய்ந்து அறுந்து போகாது. நெசவுக்கு நல்லதான அந்த ஈரம் குடியிருக்கிறவர்களுக்குத் தொல்லை. குழி ஒட்டிய சுவரில் உப்புப் பூக்கும், பெயின்ட் உரியும். அடைமழையில் குழிக்குள் தண்ணீர் ஊறும். அதனால் இப்படிப்பட்ட வீட்டை ஐப்பசி, கார்த்திகையில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கோடையில் எல்லாச் சுவரும் நன்றாகத்தான் இருக்கும். குழியைத் தூர்ப்பதானால் இடிபாட்டைக் கொட்டி உடனே டைல்ஸ் ஒட்டாதீர்கள், இரண்டே வருஷத்தில் தரை உள்வாங்கும். மணலை அடுக்கடுக்காகப் போட்டு, தண்ணீர் விட்டு இறுக்கி, ஒரு மழைக்காலம் விட்டுத் தளம் போட வேண்டும் என்று கொத்தனார் சொன்னார்.

மணலுக்குச் சொல்லியும் ஆகிவிட்டது. அப்போதுதான் பக்கத்து வீட்டு மருமகள் வாசலில் வந்து நின்றாள். "அக்கா, குழியை மூடிடாதீங்க. எங்க வீட்டுல ஒரு தறிக்குத்தான் எடம். மாமா நெய்யிறாரு, நான் சும்மா தார் சுத்திக்கினு இருக்கேன். தறி சாமான் எல்லாம் பரண்ல இருக்கு." அவள் கேட்டது கூடத்தின் பாதியை.

யோசித்தோம். எங்களுக்கு அவ்வளவு நீளக் கூடம் தேவையும் இல்லை. ஒரு சின்ன வாடகை பேசி, ஒரே பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டோம். தறி இருக்கும் இடம், நெய்யும் நேரம், விளக்கின் மின்சாரச் செலவு, எந்தப் பக்கத்துக்கு வேண்டாமென்றாலும் கையில் இருக்கும் பாவு, அதாவது தறியில் ஏற்றிய நெட்டு இழை, முடிந்த பிறகே எடுப்பது. இந்தக் கடைசி வரி முக்கியம். ஒரு பாவில் பொதுவாக மூன்று சேலை இறங்கும். நூலும் ஜரிகையும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துடையது, அல்லது முதலாளியுடையது. நெய்கிறவருக்குச் சேலைக்கு இவ்வளவு என்று கூலி. நடுவில் தறியைக் கலைத்தால் கடன் நெய்கிறவர் தலையில் ஏறும். தெரிந்தவர்கள்தானே என்று வாய்வார்த்தையில் விடாமல் எழுதியதால்தான் இரண்டு வீட்டுக்கும் இன்றுவரை மனக்கசப்பு இல்லை.

தறிச் சத்தத்தோடு எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறார்கள். சத்தம் ஒரே சீராக வரும்வரை காதில் விழுவதே இல்லை. நின்றால்தான் எட்டிப் பார்க்கத் தோன்றும். இழை அறுந்திருக்கும், அல்லது கரைக்குக் குறுக்கு இழை கொண்டு ஓடும் கரைநாடாவை வாங்க ஆள் வந்திருக்காது. கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா. கரையும் உடலும் வேறு வேறு நிறத்தில் ஓடி, சேரும் இடத்தில் ஒன்றையொன்று கவ்விக்கொள்ள வேண்டும். ஒரு ஆளால் ஆகிற வேலை இல்லை, பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். அந்த இன்னொருவர் கிடைக்காததால்தான் இந்தத் தெருவில் கோர்வை குறைந்துகொண்டே வருகிறது. என் கூடத்தில் அது நடக்கிறது என்பதில் எனக்குச் சந்தோஷம் இருக்கிறது, மறைக்க மாட்டேன்.

தெருவுக்கு என்று சில பழக்கங்கள் உண்டு. விடியலில் தெருவின் நீளத்துக்குப் பாவு நீட்டுவார்கள். வெயில் ஏறுவதற்குள் அந்த வேலை முடிய வேண்டும். அந்த நேரத்தில் வண்டியைக் குறுக்கே விடாதீர்கள், முந்தின இரவே ஓரமாக நிறுத்திவிடுங்கள். வீடு மாற்றும் தேதியையும் திருவிழா பார்த்து வையுங்கள். பங்குனியில் ஏகாம்பரநாதர், மாசியில் காமாட்சி அம்மன், வைகாசியில் வரதராஜர் பிரம்மோற்சவம். வைகாசி கருடசேவை அன்று சின்ன காஞ்சிபுரத்திலிருந்து பெரிய காஞ்சிபுரம் வரை சாமி வருவார், சாமான் லாரி வர முடியாது. அன்று சாமி பார்க்கலாம், சாமானை மறுவாரம் ஏற்றலாம்.

பூனைக்கு வருகிறேன். அது பக்கத்து வீட்டு நூல் கூடையில் பிறந்தது. நெசவு வீடுகளில் பூனைக்கு மதிப்பு உண்டு. எலி வந்தால் கஞ்சி போட்ட பாவைக் கடித்துவிடும். தறியில் நாடா ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இப்படியும் அப்படியும் தலையைத் திருப்பும் குட்டிக்கு, மருமகளின் மாமனாரான பெரியவரே 'நாடா' என்று பெயர் வைத்துவிட்டார்.

நூல் புழங்கும் வீட்டில் பூனை வளர்க்கிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பூனையின் நாக்கில் உள்நோக்கி வளைந்த முட்கள் உண்டு. ஒரு நூல் வாய்க்குள் போனால் அதைத் துப்ப அதனால் முடியாது, விழுங்கிக்கொண்டே போகும். நூலின் ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையிலோ மாட்டிக்கொள்ள, மிச்சம் குடலுக்குள் இறங்கும். குடல் அதை இழுக்க இழுக்கச் சுருங்கி மடிந்து, கடைசியில் நூலே குடலை அறுத்துவிடும். தொடர்ந்து வாந்தி, சாப்பிடாமல் மூலையில் சுருண்டு கிடப்பது, வயிற்றைத் தொட்டால் கத்துவது இதெல்லாம் அறிகுறி. வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைப் பார்த்தால் இழுக்கவே கூடாது. அப்படியே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பட்டு, ஜரிகை மட்டுமில்லை, பூ கட்டும் நூலும் இதே ஆபத்துதான். எங்கள் வீட்டில் இப்போது அறுந்த இழை எல்லாம் மூடி போட்ட டப்பாவுக்குள் போகும். ஜரிகைத் துண்டில் வெள்ளி இருப்பதால் அதை எடைக்கு வாங்கிக்கொள்ள ஆள் உண்டு. அதனால் டப்பாவை மூடி வைப்பது யாருக்கும் பாரமாகவும் இல்லை.

பாவையும் பூனையிடமிருந்து காக்க வேண்டும். தறிக்கும் எங்கள் பாதிக்கும் நடுவே வலை அடித்த கதவு போட்டோம், நெய்கிற நேரத்தில் அது சாத்தியே இருக்கும். நகம் கீற ஒரு இடம் கொடுத்தால் பூனை மற்ற இடங்களை விட்டுவிடும். மரக்கட்டையில் தேங்காய்நார்க் கயிற்றை இறுக்கிச் சுற்றி அதன் படுக்கைக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். தூங்கி எழுந்ததும் பூனை பெரும்பாலும் நகம் கீறும், அதனால் கட்டை அங்கே இருப்பது நல்லது. எட்டு வார வயதில் முதல் தடுப்பூசி, மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு வருஷா வருஷம். ஐந்தாறு மாதத்தில் கருத்தடை. காய்ச்சல் என்று நாம் போடும் பாராசிட்டமாலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம். அது கீறினாலோ கடித்தாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வீட்டுப் பூனைதானே என்று இருக்க வேண்டாம்.

படம் வரைவது இந்த ஊருக்கு வந்த பிறகுதான் தொடங்கியது. பிள்ளையார்பாளையத்திலிருந்து மேற்கே நடந்தால் கைலாசநாதர் கோயில். கி.பி. 700ஐ ஒட்டி இராஜசிம்மப் பல்லவன் கட்டியது. பெரிய கோயில்களில் இருக்கும் நெரிசல் இங்கே இருக்காது, ஒரு ஓரத்தில் உட்கார்ந்து நிதானமாகப் பார்க்கலாம். மணற்கல் கோயில் என்பதால் காலை வெயில் பட்டதும் கல்லின் நிறமே மாறும். திருச்சுற்று முழுக்க வரிசையாக 58 சிறு சன்னிதிகள். அவற்றில் சிலவற்றில் பல்லவர் காலத்து ஓவியத்தின் மிச்சங்கள் இருக்கின்றன. 1931இல் ழூவோ துப்ரெய்ல் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் கண்டெடுத்துச் சொல்லும்வரை அவை சுதைப்பூச்சுக்குள் மறைந்திருந்தன. முழுதாக மிஞ்சியது குறைவு. ஒரு கண், ஒரு தோள் வளைவு, கொஞ்சம் காவி. அந்த வளைவை வரைந்து பார்த்தால்தான் தெரியும், வைத்த கையை எடுக்காமல் இழுத்த கோடு அது.

வரையத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை. முழுச் சிற்பத்தையும் வரையப் போகாதீர்கள். பின்னால் வந்தவர்கள் பூசிய சுதை பல சிற்பங்களைத் தடிப்பாக்கிவிட்டது. சுதை உதிர்ந்து கல் தெரியும் இடத்தைத் தேடிப் பிடித்து அதை மட்டும் வரையுங்கள். பல்லவச் சிற்பியின் உளி அங்கேதான் இருக்கிறது. நான் தூண்களில் எழுந்து நிற்கும் யாளிகளின் பிடரியில் தொடங்கினேன். ஒரு சுருள், அடுத்த சுருள் என்று. சாய்வான வெயிலில் குழிவும் மேடும் தானாகப் பிரிந்து தெரியும், உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். ஆகவே காலையில் போய்விடுங்கள்.

அந்த யாளியைப் பெரியவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "கல்லுல வளையும்மா. தறியில வளையாது" என்றார். பிறகு கட்டம் போட்ட டிசைன் பேப்பரை எடுத்து, நான் வரைந்த பிடரிச் சுருள் ஒன்றைக் கட்டத்துக்குள் இறக்கிக் காட்டினார். நெட்டுக்கட்டம் பாவு இழை, குறுக்குக்கட்டம் ஊடை. நிரப்பிய கட்டத்தில் ஜரிகை மேலே வரும், வெற்றுக் கட்டத்தில் கீழே மறையும். வளைவு என்று எதுவும் கிடையாது. ஒரு கட்டம் மேலே, இரண்டு கட்டம் பக்கத்தில், மறுபடி ஒன்று மேலே என்று படி படியாக ஏறினால், தூரத்திலிருந்து பார்க்கும் கண் அதை வளைவாக்கிக்கொள்ளும். ஒவ்வொரு குறுக்கு வரிசைக்கும் ஜக்கார்டு பெட்டியில் ஓர் அட்டை. சுருள் பெரிதானால் அட்டை கூடும், செலவும் கூடும். ஜக்கார்டு வருவதற்கு முன் இதையே 'அடை' கட்டி, பக்கத்தில் ஒரு ஆள் இழை தூக்கிக் கொடுக்க நெய்தார்களாம். சொல்லிக்கொண்டே பென்சில் முனையால் கட்டங்களை எண்ணினார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஒரு இடத்தில் நிறுத்தி, நான் வரைந்திருந்த சுருளில் ஒரு கட்டத்தை அழித்தார். சுருள் அப்போதுதான் திரும்பியது.

அன்றிலிருந்து நான் இரண்டு நோட்டு வைத்திருக்கிறேன். வெற்றுத்தாள் நோட்டு கோயிலுக்கு, கட்ட நோட்டு வீட்டுக்கு. கோயிலில் பார்த்ததைக் கட்டத்தில் இறக்கிப் பார்த்த பிறகு, பழைய சேலைகளின் கரையைப் பார்க்கும் விதமே எனக்கு மாறிவிட்டது. அம்மாவின் கல்யாணச் சேலையில் தாழம்பூ ரேக்கு ஓடுகிறது. இத்தனை வருஷம் அதைப் பல் பல்லான அழகு என்றுதான் நினைத்தேன். அந்தப் பற்கள் வழியாகத்தான் கரையின் நிறமும் உடலின் நிறமும் ஒன்றுக்குள் ஒன்று போகின்றன என்பது இப்போது தெரிகிறது. உங்கள் வீட்டில் பழைய காஞ்சிப் பட்டு இருந்தால் திருப்பிப் போட்டு, கரை சேரும் இடத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். இரண்டு நிற ஊடையும் மாட்டிக்கொண்டு திரும்பும் தடம் கையில் தட்டும். ஜரிகையைக் கொஞ்சம் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரிய வேண்டும். அசல் ஜரிகைக்கு அது அடையாளம்.

யாளி இப்போதைக்குச் சேலையில் ஏறாது. அட்டைச் செலவுக்குச் சங்கம் ஒத்துக்கொள்ளாது என்று பெரியவர் சொல்லிவிட்டார். முதலில் அன்னம் வரைந்து கொண்டுவரச் சொல்லியிருக்கிறார், அலகும் கழுத்தும் குறைந்த கட்டத்தில் முடியுமாம். கூடத்தில் ஏறியிருக்கும் பாவில் மூன்றாவது சேலை பாதியில் இருக்கிறது. அது இறங்கி அடுத்த பாவு பிணைப்பதற்குள் அன்னத்தைக் கொடுத்துவிட்டால், முந்தியில் ஒரு வரிசை போட்டுப் பார்க்கலாம் என்கிறாள் மருமகள்.