வயலெலியும் தூக்கணாங்குருவியும்

மேற்கே ஏலமலையும் கிழக்கே மேகமலையும் அரண்போல் நிற்க, இடையே பரந்து கிடப்பது தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு. 1895-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற முல்லைப் பெரியாற்று அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இப்பக்கம் இறங்குகிறது. அந்நீரால் ஏறத்தாழ 14,700 ஏக்கர் நிலம் இருபோகம் நெல் விளைக்கிறது. அந்நெல்லை உழவரோடு பங்கிட்டு உண்ணும் உயிர்களுள் வயலெலியும் தூக்கணாங்குருவியும் இரண்டு.

எலியின் வெட்டுப்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்வன. ஆதலின் அது எதையேனும் கொறித்து அவற்றைத் தேய்த்துக்கொண்டே இருத்தல் வேண்டும். வரப்பினுள் கிளைவழிகளும் சேமிப்பறையும் குடைந்து, வாயிலைத் தளர்ந்த மண்ணால் மூடிவிடும். கதிர் முற்றுங்கால் இரவில் வெளிப்போந்து, தாளை அடியில் அறுத்துக் கதிர்களை வளைக்குள் இழுத்துச் செல்லும். நெல் போவதோடு இழப்பு நிற்பதில்லை. துளைபட்ட வரப்பின் வழியே நீரும் ஒழுகிப் போகும். மலை கடந்து வந்த நீர் அங்ஙனம் வீணாதலை எவ்வுழவர்தாம் பொறுப்பர்? கருவுற்ற ஏறத்தாழ மூன்று வாரங்களில் பல குட்டிகளை ஈனும் இதனை, மூங்கிற் கிட்டி வைத்தும், வளையை வெட்டியும், கூகை வந்தமர வயலிற் கோல் நட்டும் அடக்க முயல்வர். நஞ்சு வைப்பாரும் உளர்; அந்நஞ்சுண்ட எலியைத் தின்னும் கூகையும் மடிவதுண்டு.

தூக்கணாங்குருவி, பறவை நூலாரின் பகுப்பின்படி பாடும் பறவை இனத்தைச் சார்ந்தது. அதன் குரலோ வெறும் 'சிட் சிட்' என்னும் இரைச்சலே. இனிது கூவும் குயில் அவ்வினத்தைச் சாராமை வியப்பன்றோ! இக்குருவியின் பெருமை அலகில் உள்ளது. பண்டைத் தமிழர் இதனைத் தூக்கணங்குரீஇ என வழங்கினர். நெல்லிலையையும் பனையோலையையும் நீண்ட நாராகக் கிழித்து, கிணற்றின்மேற் சாய்ந்த கிளையிலோ பனையோலை நுனியிலோ ஆண் குருவி கூடு பின்னும். பாதி முடிந்த நிலையில் பெண் குருவி வந்து ஆராயும். அதற்கு ஒவ்வாதாயின் ஆண் பெரும்பாலும் அக்கூட்டைக் கைவிட்டு வேறொன்று தொடங்கும். ஒப்பிய பின்னரே குழல் போன்ற நுழைவழி உருவாகும். உள்ளே அப்பிய களிமண்ணில் மின்மினியை விளக்காகப் பதிக்கும் என்பது மக்கள் வழக்கு; அதற்குச் சான்று இல்லை.

இதுவும் நெல் தின்பதே. முற்றிய கதிர்மேற் கூட்டமாக இறங்கும். உழவர் தகரம் தட்டி ஓட்டுவர். ஆயினும் குஞ்சுகளுக்குப் புழு பூச்சிகளையே பெரிதும் ஊட்டும். பயிர்ப்பகையான பூச்சிகளும் அவற்றுள் அடங்கும். எலியும் பயனற்றதன்று, கூகைக்கும் சாரைப்பாம்புக்கும் அதுவே உணவு. வரப்பில் நிற்கும் உழவர்க்கு இதை எண்ணப் பொழுது ஏது?

வரப்பு உள்ளவரை எலிக்கு வீடு உண்டு. குருவிக்கோ மரம் வேண்டும். அதிலும் பனை மிக உகந்தது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் ஒப்புதல் வேண்டும் எனத் தமிழ்நாடு அரசு 2021-ஆம் ஆண்டில் அறிவித்தது.