தானத்துக்கும் கெடு உண்டு

எங்கள் கற்போர் மையத்தில் ஓர் அக்கா கேட்டார்:

"என் மாமியார் இரவு 9 மணிக்கு இறந்தார். கண் தானம் செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. காலை 7 மணிக்குத்தான் கண் வங்கிக்குச் சொன்னோம். நேரம் கடந்துவிட்டது என்றார்கள். ஏன் தம்பி?"

இதை நாம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் உறுப்புகளுக்குப் பிராணவாயுவை இரத்தம் கொண்டு செல்கிறது. இரத்த ஓட்டம் நின்றால் உறுப்பு கெடத் தொடங்கும். குளிரில் வைத்தால் மெதுவாகக் கெடும். அதனால் தானமாக எடுத்த உறுப்பை ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துச் செல்வார்கள். ஆனால் அதை உறையவிட மாட்டார்கள். உறைந்தால் உறுப்பு பாழாகிவிடும்.

எந்த உறுப்பு எவ்வளவு நேரம் தாங்கும்?

இதயம் – 4 முதல் 6 மணி நேரம்
நுரையீரல் – 6 முதல் 8 மணி நேரம்
கல்லீரல் – சுமார் 12 மணி நேரம்
சிறுநீரகம் – 24 முதல் 36 மணி நேரம்

இதயத்துக்கு நேரம் மிகக் குறைவு. அதனால்தான் போலீசார் மற்ற வண்டிகளை நிறுத்தி, இதயம் வரும் ஆம்புலன்சுக்கு வழி செய்கிறார்கள்.

விபத்தில் தலையில் பலத்த அடிபட்டால் மூளைச்சாவு ஏற்படலாம். அதிலிருந்து யாரும் மீள முடியாது. கருவியின் உதவியால் இதயம் மட்டும் சிறிது காலம் துடிக்கும். அப்போது இந்த உறுப்புகளைத் தானமாக எடுக்கலாம். இதற்கு 1994-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளது. 4 மருத்துவர்கள் மூளைச்சாவை உறுதி செய்ய வேண்டும். 6 மணி நேரம் விட்டு இரண்டு முறை சோதிக்க வேண்டும். குடும்பத்தாரின் சம்மதமும் வேண்டும். உறுப்பை விற்பது குற்றம்.

கண் தானம் அப்படி அல்ல. வீட்டில் இறந்தவரின் கண்களையும் கொடுக்கலாம். ஆனால் 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். நேரம் போனால் கருவிழி மங்கிவிடும். அக்கா வீட்டில் 10 மணி நேரம் போய்விட்டது.

உடனே செய்ய வேண்டியவை:

1. கண் வங்கிக்குப் போன் செய்யுங்கள்.
2. இறந்தவரின் இமைகளை மூடுங்கள். மேலே ஈரப் பஞ்சு வையுங்கள்.
3. மின்விசிறியை நிறுத்துங்கள்.
4. தலையணை வைத்துத் தலையை உயர்த்துங்கள்.

கண்ணாடி போட்டவரும் கொடுக்கலாம். கண்புரை அறுவை செய்தவரும் கொடுக்கலாம். கண் எடுத்த பிறகு முகம் விகாரமாகாது.

அக்கா அன்று கண் வங்கியின் எண்ணைத் தம் கையால் எழுதினார். வீட்டுச் சுவரில் ஒட்டினார். "என் கண்களையாவது நேரத்தோடு கொடுங்கள்" என்று மகனிடம் சொன்னார்.

உங்கள் விருப்பம் என்ன? வீட்டாரிடம் இன்றே பேசுங்கள்.

பயிற்சி

1. மிகக் குறைந்த நேரம் தாங்கும் உறுப்பு எது?
2. இறந்தவரின் கண்களை எத்தனை மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும்?
3. உங்கள் ஊருக்கு அருகில் உள்ள கண் வங்கியின் எண்ணைக் கேட்டு எழுதுங்கள்.